இரண்டடித் தொட்டியும் மூன்று விதத் தண்ணீரும்

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் நச்சரித்ததால் இருபது நாளைக்கு முன் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கினோம். நாலு கோல்டு ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், ஆறு கப்பி விட்டோம். மூன்றாம் நாளே தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. அதிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தடவை முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் பைப்பில் அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறேன். சில நேரம் கேன் தண்ணீர், கேன் வராதபோது வீட்டு போர் தண்ணீர், ஒரு தடவை லாரித் தண்ணீர். கடைசியாக விட்டது போர் தண்ணீர். காலையில், பள்ளி விட்டு வந்ததும், இரவில் என்று மூன்று வேளையும் மகன் அரை ஸ்பூன் தீனி போடுகிறான். தண்ணீர் மாற்றிய ராத்திரியோ மறுநாளோ ஒரு மீனாவது செத்துவிடுகிறது. இப்போது மிச்சம் இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு ஏஞ்சல், மூன்று கப்பி. உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடையில் நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஊற்றலாமா? அழகுக்குக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் பவளக்கல்லும் போட்டிருக்கிறோம். "நம்ம தண்ணிக்குக் கலர் மீன் நிக்காது" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். உண்மையா?

– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சகோதரி, நீல மருந்துப் பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். உங்கள் மீன்களுக்கு நோய் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. புள்ளி இல்லை, புண் இல்லை. சாவு மட்டும் தண்ணீர் மாற்றிய ராத்திரியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மெத்திலீன் புளூ என்ற அந்த நீலச் சாயம் பூஞ்சைக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஃபில்டரில் குடியேற வேண்டிய நல்ல பாக்டீரியாவையும் அது சேர்த்துக் கொன்றுவிடும். உங்கள் தொட்டியில் ஏற்கெனவே இல்லாத பொருள் அந்தப் பாக்டீரியாதான்.

காரணத்தைப் பிறகு பேசுவோம். மேலே வந்து வாய் பிளக்கிற மீன் காத்திருக்காது; முதலில் இன்றைக்கு ஆக வேண்டியது.

தீனியை இரண்டு நாள் முழுசாக நிறுத்துங்கள். மீன் நம்மைப்போல் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் சாப்பிடுவதில்லை. மூன்று நாள் பட்டினி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அரை அங்குல டியூப் ஒன்றை வைத்து, அடியில் கிடக்கிற பழைய தீனியையும் கழிவையும் உறிஞ்சி வாளியில் விடுங்கள். வாளி 10 லிட்டர் நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த 10 லிட்டருக்குப் பதில் 10 லிட்டர் போர் தண்ணீரே விடுங்கள். கேன் வேண்டாம், லாரித் தண்ணீர் வேண்டாம். இப்போது மீன் நிற்பது போர் தண்ணீரில். மறுபடி வேறொன்றுக்குத் தாவவிட வேண்டாம். ஆனால் மோட்டார் போட்டதும் பிடித்து அப்படியே ஊற்றக் கூடாது. பூமிக்கடியிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். டீ ஆற்றுவதுபோல் இரண்டு வாளிக்கு நடுவே இருபது, முப்பது தடவை உயர்த்தி ஆற்றிவிட்டு, கொஞ்ச நேரம் வைத்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் என்றால் காலையில் பிடிப்பது நல்லது. பகல் வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வருவது கை பொறுக்காத சூட்டில் இருக்கும். இப்படித் தினம் 10 லிட்டர், பத்து நாளைக்கு. ஸ்பாஞ்சைத் தொடவே வேண்டாம்.

இனி காரணம். உங்கள் தொட்டி 2 × 1 × 1 அடி. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, அடியில் கல்லும் போட்டால் உள்ளே நிற்பது 40 லிட்டர் சொச்சம்தான். கேன் கணக்கில் இரண்டு கேன். அந்த இரண்டு கேன் தண்ணீருக்குள் பன்னிரண்டு மீனும், நாளைக்கு ஒன்றரை ஸ்பூன் தீனியும்.

சின்ன உருண்டைத் தீனி ஒன்றரை டீஸ்பூன் என்பது 3 கிராமுக்குக் குறையாது. பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள், புரதம் 35 சதவீதம் என்ற மாதிரி போட்டிருக்கும். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 1 கிராம் தீனியில் 56 மில்லிகிராம் நைட்ரஜன், 3 கிராமில் 168. மீன் சாப்பிட்டால் இதில் பெரும்பகுதி செவுள் வழியே அம்மோனியாவாக வெளியே வருகிறது. சாப்பிடாமல் கல்லிடுக்கில் விழுந்தது அழுகி அதே அம்மோனியாவாகிறது. பாதி மட்டுமே மாறினாலும் 40 லிட்டரில் ஒரே நாளில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஏறிவிடும்.

நம் கடலோரத் தண்ணீரின் குணம் இங்கேதான் குறுக்கே வருகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று மீனைப் பெரிதாகப் பாதிக்காத அயனி உருவம், மற்றது செவுளைச் சுடுகிற விஷ உருவம். எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவும் சூடும். பி.எச். 7, சூடு 30 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ உருவம் 0.8 சதவீதம்தான். அதே 30 டிகிரியில் பி.எச். 8.2 என்றால் 11 சதவீதம். 8.5 ஆனால் 20 சதவீதம். இப்போது உங்கள் 2 மில்லிகிராமை வைத்துப் பாருங்கள். பி.எச். 7 உள்ள ஊரில் விஷம் லிட்டருக்கு 0.016 மில்லிகிராம், மீன் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். பி.எச். 8.2 உள்ள போர் தண்ணீரில் 0.22. லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தொட்டாலே செவுள் புண்ணாகத் தொடங்கும். வெளியூர்க்காரர்கள் சொல்லும் தீனிக் கணக்கும் மீன் எண்ணிக்கையும் இங்கே செல்லாமல் போவதற்கு இதுதான் காரணம். தண்ணீரில் விஷம் கிடையாது. தவறுக்கு அது மன்னிப்புக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

காற்றுக் குமிழ் நன்றாக ஓடும்போதும் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அம்மோனியாவையோ, அது மாறி உண்டாகிற நைட்ரைட்டையோ சந்தேகப்படுங்கள். குமிழைக் கூட்டியதும் சரியானால் ஆக்சிஜன் குறைவு. செவுள் மூடியின் ஓரத்தைக் கவனித்தாலும் தெரியும்: அம்மோனியா தாக்கினால் ரத்தச் சிவப்பாக வீங்கியிருக்கும், நைட்ரைட் தாக்கினால் காபித்தூள் நிறத்துக்கு மங்கியிருக்கும்.

பால் மாதிரி வெளுத்தது அழுக்கல்ல. மிச்சத் தீனியைத் தின்று பெருகிய பாக்டீரியாக் கூட்டம். தீனியைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தால் சில நாளில் தானே தெளியும். நீங்கள் முழுத் தண்ணீரையும் கொட்டும்போது ஒவ்வொரு தடவையும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், ஸ்பாஞ்சைப் பைப்பில் அலசியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதி செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சின் துளைகளிலும் கல்லின் மேலும் வழவழப்பாக ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை அலசித் துரத்திவிட்டிருக்கிறீர்கள். ஸ்பாஞ்ச் பழுப்பேறி இருப்பதுதான் சரி. குமிழ் குறைகிற அளவுக்கு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து வெளியே எடுத்த அந்த 10 லிட்டரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வையுங்கள். மாதம் ஒரு தடவை போதும். தெரிந்தவர் வீட்டில் ஆறு மாதமாக ஓடுகிற நல்ல தொட்டி இருந்தால், அங்கே ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் வாங்கிவந்து உங்கள் தொட்டியில் வையுங்கள். ஆறு வாரம் இரண்டு வாரமாகச் சுருங்கும். கடையில் விற்கிற பாக்டீரியா பாட்டிலைவிட அந்த ஓசி ஸ்பாஞ்ச் நம்பகமானது.

தண்ணீர் மாற்றிய ராத்திரியே சாவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு இன்னொரு கணக்கு. ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். அவர் அடுத்த தடவை வரும்போது மூன்று டம்ளரில் மூன்று தண்ணீரையும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கேன் தண்ணீர் பெரும்பாலும் 100க்குள் நிற்கும். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்கிறது. கடலோர போர் தண்ணீர் அந்த 2000ஐயும் தாண்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு லிட்டருக்கு சுமார் 9 கிராம். வெளியே உப்புக் குறைவாக இருப்பதால் தண்ணீர் எந்நேரமும் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எந்தத் தண்ணீரில் நிற்கிறதோ அதற்கு ஏற்றபடி அந்த இறைப்பைத் திருத்திக்கொள்ள மீனுக்குச் சில நாள் வேண்டும். நீங்கள் அதை ஒரே மணி நேரத்தில் 2000இலிருந்து 50க்குக் கொண்டுபோகிறீர்கள். மூன்று நாள் கழித்து மறுபடி 50இலிருந்து 2000. அம்மோனியாவில் நொந்திருக்கிற மீன் இந்தத் தூக்கிப்போடலில் போய்விடுகிறது. லாரித் தண்ணீர் விட்ட அன்று இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம்: குளோரின். பிளீச்சிங் பவுடர் போட்டு வருகிற தண்ணீரில் ஒரு நாள் வாசமே இருக்காது, மறுநாள் மூக்கைத் துளைக்கும்.

ஆகவே ஒரே தண்ணீர், ஒரே கலவை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் அதுவே முதல் தேர்வு. வருகிற அன்று மீனுக்கென்று 20 லிட்டர் டிரம் ஒன்றில் பிடித்து வையுங்கள். அதில் குளோரின் இருக்கும். 24 மணி நேரம் காற்றடித்து வைத்தால் போய்விடும், அவசரமென்றால் ஹைப்போ. மீன் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று தண்ணீராகவும் படிகமாகவும் கிடைக்கிற சோடியம் தயோசல்ஃபேட்தான் அது. படிகமாக வாங்கி, 10 கிராமை 100 மில்லி கேன் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 10 லிட்டர் வாளிக்கு 1 மில்லி போதும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளக்கலாம். கரைசலை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். லாரித் தண்ணீரில் குளோரின் வாசம் தூக்கலாக இருந்தால் அன்றைக்கு அதைத் தொட்டிக்கு விடாமல் இருப்பதே மேல்.

காவிரித் தண்ணீர் இல்லையென்றால் போரையும் கேனையும் கலக்க வேண்டியதுதான். போர் 2000, கேன் 50 என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு ஒன்று கலந்தால் சுமார் 1000 வரும். ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு கேன் என்றால் சுமார் 540. கேன் தண்ணீரை மட்டும் விடுவது சுத்தமாகத் தெரிந்தாலும் நல்லதல்ல. அதில் பி.எச். சரியாமல் பிடித்து நிறுத்துகிற காரத்தன்மை அநேகமாக இல்லை. ஃபில்டர் பாக்டீரியா 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் காரத்தைத் தின்கிறது. கேன் தண்ணீரில் தின்ன ஒன்றுமில்லாமல் பி.எச். 6க்கும் கீழே சரிந்து பாக்டீரியா முடங்கும். அந்த நிலையில் அம்மோனியா ஏறினாலும் விஷமில்லாத உருவில் இருப்பதால் மீன் நன்றாகவே நீந்தும். ஒருநாள் கேன் வரவில்லை என்று போர் தண்ணீரை ஊற்றினால் பி.எச். ஏறி, சேர்ந்திருந்த அம்மோனியா முழுதும் ஒரே நேரத்தில் விஷமாகும். ஊரில் "போர் தண்ணி பட்டதும் மீன் செத்துடுச்சு" என்று சொல்வதில் பாதிக்கு இதுதான் கதை.

போர் தண்ணீருக்கு ஒரு புண்ணியமும் உண்டு. அதிலுள்ள குளோரைடு உப்பு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் புகுவதைத் தடுக்கிறது. மற்ற ஊர்களில் இதற்காகவே லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு போடச் சொல்வோம். உங்கள் போர் நாக்குக்கே கரிக்கிற ரகம் என்றால் உப்பு தனியாகப் போட வேண்டாம். உப்புக்குப் பதில் கடல் தண்ணீர் ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீரைக் கையளவில் கணக்குப் பார்க்காமல் ஊற்றுவதும், படகு நிற்கிற இடத்து டீசலைச் சேர்த்து ஊற்றுவதும் வேண்டாம்.

தீனிக்கு வருவோம். தம்பியைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாலே மீன் ஓடிவந்து கெஞ்சும். கோல்டு ஃபிஷ் கெண்டைக் குடும்பம். அதற்கு நம்மைப்போல் இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும், நிறைந்தது என்ற உணர்வே குறைவு. கேட்கிறது என்பதற்காகப் போட்டால் முடிவே இல்லை. எடைதான் கணக்கு. இரண்டு அங்குலக் கோல்டு ஃபிஷ் ஒன்று 4 கிராம் இருந்தால் அதிகம். உங்களிடம் மிச்சமிருக்கிற ஆறு மீனையும் சேர்த்தால் 12, 13 கிராம். ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 சதவீதம் போதும்: 0.25 கிராம். இதுவரை விழுந்துகொண்டிருந்தது அதைப்போல் பன்னிரண்டு மடங்கு.

0.25 கிராமைச் சமையல் தராசில் நிறுக்க முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். வாரம் ஒரு நாள் பட்டினி போக 6 கிராம் நிறுத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, "இது நாலு வாரத்துக்கு" என்று தம்பி கையில் கொடுத்துவிடுங்கள். பெரிய பொட்டலம் உங்கள் பீரோவில் இருக்கட்டும். ஒரு வாரத்தில் டப்பாவில் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால் கை நீண்டுவிட்டது என்று அவனே தெரிந்துகொள்வான். காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை. இரண்டு நிமிடத்தில் காலியாக வேண்டும். ராத்திரி விளக்கணைக்கும் நேரத்தில் போடுவது வேண்டாம். அதில் பாதி கல்லுக்குள்தான் போகும். வாரத்தில் ஒரு நாள் தீனியே இல்லை. நீங்கள் ஊருக்குப் போகிற நாலு நாளுக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் பாசத்தில் கொட்டிவிடுவார்கள்.

உருண்டை மீனின் வாய்க்கு அடங்குகிற அளவாக இருக்கட்டும். கப்பிக்கு அதையே விரலால் நுணுக்கிப் போடலாம். கோல்டு ஃபிஷ் மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கி, பிறகு வயிறு மேலாக மிதந்து தவிக்கும். ஒரு நிமிடம் கரண்டித் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் இது பெரும்பாலும் வராது. வாரம் ஒரு தடவை வேகவைத்து, தோல் நீக்கி, நசுக்கிய பச்சைப் பட்டாணி அரைப் பருப்பு கொடுங்கள். மலச்சிக்கலுக்கு அதைவிட நல்லது இல்லை.

நம் பக்கத்துக் காற்றில் உப்பும் ஈரமும். திறந்து வைத்த தீனி சீக்கிரம் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய்ச் சத்து காறிப்போகும், வைட்டமின் சி அதற்கும் முன்னால் போய்விடும். 50, 100 கிராம் பொட்டலமாக வாங்குங்கள். கடையில் மூட்டையைத் திறந்து வைத்து அள்ளி நிறுத்துக் கொடுக்கிற தீனி எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். இறுக்க மூடியுள்ள டப்பா, உலர்ந்த விரல், திறந்த பின் இரண்டு மூன்று மாதம்.

கருவாடு போடலாமா என்பது இந்தக் கடற்கரையில் தவறாமல் வரும் கேள்வி. நெத்திலிக் கருவாடு வேண்டாம். உப்பு ஒருபக்கம், எண்ணெய் படலமாக மேலே பரவி தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே நிற்பது மறுபக்கம். உப்பில்லாமல் வெயிலில் காய்ந்த சென்னாக்கூனி (பொடி இறால்) கிடைத்தால் நல்ல தீனி. ஒரு சிட்டிகையைப் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அலசி, பிழிந்து, நுணுக்கிப் போடுங்கள். வாரம் இரண்டு நாள். சோறு, இட்லி, பிஸ்கட், பொரி எதுவும் கூடாது. கோயில் தெப்பக்குளத்தில் பொரி போடுகிறார்களே என்றால், அது லட்சக்கணக்கான லிட்டர், உங்களுடையது 40. கொசுப்புழு கப்பிக்கு அமிர்தம். ஆனால் வீட்டுக் கொல்லையில் வாளி வைத்து வளர்க்கப் போனால் ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும். இன்று வடிகட்டிப் பிடித்ததை இன்றே போட்டுத் தீர்த்துவிட வேண்டும்.

கப்பி குட்டி போட்டால் கடற்கரையில் இருப்பதன் லாபம் ஒன்று உங்களுக்கு உண்டு: ஆர்ட்டீமியா. உப்பளங்களில் வாழ்கிற நுண்ணிய இறாலின் முட்டை இது. தூளாகச் சின்ன டப்பாவில் விற்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் உப்புக் கரைத்துச் சிரமப்படுவார்கள். நீங்கள் படகுத்துறையை விட்டுத் தள்ளி, தெளிவான இடத்தில் முக்கால் லிட்டர் கடல் தண்ணீர் எடுத்து, துணியில் வடிகட்டி, கால் லிட்டர் கேன் தண்ணீர் சேர்த்தால் போதும். ஒரு குளிர்பானப் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியை இறுக்கி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். மேலிருந்து ஏர் டியூபை மூடிவரை இறக்கி, முட்டை ஓரிடத்தில் தங்காமல் புரளும் அளவுக்குக் காற்று. அரை டீஸ்பூனுக்கும் குறைவாக, 1 கிராம் முட்டை. விளக்கு வெளிச்சம் படட்டும். நம் ஊர்ச் சூட்டில் 18 முதல் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி, மேல்பாதியைத் துணியால் மூடி, அடியில் மட்டும் டார்ச் அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பழுப்பு ஓடு மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறப் புகைபோல வெளிச்சத்தை நோக்கி அடியில் சேர்வதுதான் குஞ்சு. அதை மட்டும் டியூபில் உறிஞ்சி மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு கலந்தால் குட்டிகளின் குடல் அடைக்கும். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது, ஆகவே அரை மணியில் தின்று தீர்க்கிற அளவுதான்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஹீட்டர் யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். மார்கழியிலும் நம் கடற்கரைக்கு அது தேவையில்லை. பிரச்சினை சித்திரையில்தான். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரைகிற ஆக்சிஜன் 34 டிகிரியில் 7 அளவுக்கு இறங்கிவிடும். மீனின் தேவையோ சூட்டோடு சேர்ந்து ஏறும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போட்டு, மேல்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான அளவுக்குக் கேன் தண்ணீர் மட்டும் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போகிற நேரத்தில் தீனி கூடாது. ஏர் பம்ப் 5 வாட் அளவுதான் இழுக்கும், இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் டியூப் வழியே தண்ணீர் பின்வாங்கி பம்புக்குள் இறங்கும். இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. கொசுவத்தி, கொசு லிக்விட், பூச்சி ஸ்பிரே இவற்றிலுள்ள பைரித்ராய்டு நமக்கு லேசான தும்மல், மீனுக்குக் கொடிய விஷம். தொட்டி இருக்கும் அறையில் இவை வேண்டாம்.

சிப்பியும் பவளக்கல்லும் சுண்ணாம்பு. போர் தண்ணீரில் அவை அதிகம் கரையாது, கேன் தண்ணீரில் மெல்லக் கரைந்து காரம் கொடுக்கும். ஆனால் சுருள் சங்கின் உள்ளே பழைய சதை கொஞ்சம் ஒட்டியிருந்தாலே தொட்டி நாறும். ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பாருங்கள்; கவிச்சி வாடை இருந்தால் வெளியே. மற்றதை வேகவைத்து, கையளவு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பவளக்கல்லை எடுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கியதென்றாலும் வீட்டில் வைத்திருப்பது வம்பு.

எந்த மீன் என்பதில் என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று ஜாதியும் ஒரு தொட்டிக்குச் சேராது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், அரை அடிக்கு வளரும், ஒன்றுக்கே 40 லிட்டர் வேண்டும். ஏஞ்சல் வளர்ந்ததும் கப்பியைத் தின்னும். பெரிய தொட்டி வைத்திருக்கிறவர் யாருக்காவது கோல்டு ஃபிஷ்ஷையும் ஏஞ்சலையும் கொடுத்துவிடுங்கள். கடைக்காரரே எடுத்துக்கொண்டாலும் சரி. ஊருணியிலோ கண்மாயிலோ மட்டும் விடாதீர்கள். தொட்டி துடைக்கும் என்று வாங்கிய சக்கர் மீன் இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டுக் குளங்கள் பலவற்றில் பெருகிக் கிடக்கிறது. உங்களுக்குத் தோதானது கப்பியும் மோலியும். இரண்டும் கடினத் தண்ணீரையும் லேசான உப்பையும் விரும்புகிறவை. போரும் கேனும் சரிபாதி கலந்த 1000 டிடிஎஸ் அவற்றுக்குச் சொந்த வீடு மாதிரி. "நம்ம தண்ணிக்குக் கலர் மீன் நிக்காது" என்கிறவர்களுக்கு அதுதான் பதில்: எல்லா மீனும் நிற்காது, இவை நிற்கும். 40 லிட்டருக்கு எட்டு கப்பி, இரண்டு மோலி. ஆணுக்கு இரண்டு பெண் என்று வாங்குங்கள். இல்லையென்றால் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும்.

ஆனால் இப்போது வாங்க வேண்டாம். பத்து நாள் தினம் 10 லிட்டர் மாற்றுவது முடிந்ததும் வாரம் ஒருமுறை 10 லிட்டர் என்று குறையுங்கள். அப்போதிலிருந்து விடுகிற தண்ணீர் காவிரித் தண்ணீர், அது இல்லையென்றால் சரிபாதிக் கலவை. வாரத்துக்குக் கால் பங்குதான் மாறும் என்பதால் மீன் பழகிக்கொள்ளும். தண்ணீரில் சொட்டு விட்டு நிறம் பார்த்துச் சோதிக்கிற வகை அம்மோனியா கிட், நைட்ரைட் கிட் இரண்டும் வாங்கி, வாரம் இரண்டு தடவை பாருங்கள். அம்மோனியா கிட்டில் மஞ்சள் என்றால் இல்லை, பச்சை ஏற ஏற அதிகம். 0.5ஐத் தொட்டால் அன்றைக்குத் தீனி இல்லை, 10 லிட்டர் மாற்றம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யத்தில் நின்ற பிறகு கடைக்குப் போங்கள். ஒரு தடவைக்கு மூன்று மீன், இரண்டு வார இடைவெளி.

மீன் வந்த பையை அப்படியே கவிழ்க்கக் கூடாது. பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். பிறகு மீனை வாளியில் பைத் தண்ணீரோடு விட்டு, ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக வாளியில் விழும்படி ஒரு மணி நேரம் வையுங்கள். உள்ளூர்க் கடையில் வாங்கியதற்கு இது. சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ் பார்சலில் வந்த பை என்றால் முறை வேறு. பத்து மணி நேரம் மூடிக் கிடந்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும், கரியமில வாயுவால் பி.எச். தாழ்ந்து அது அடங்கியிருக்கும். பையைத் திறந்து நம் தண்ணீரைச் சொட்டவிட்டால் பி.எச். ஏறி மீன் அந்தப் பைத் தண்ணீரிலேயே வெந்துவிடும். அனுப்புகிறவரிடம் அவருடைய தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு, அதே அளவுக்குப் போரும் கேனும் கலந்து ஒரு வாளி தயாராக வையுங்கள். பை வந்ததும் சூட்டை மட்டும் சமமாக்கி, மீனை வலையில் எடுத்து அந்த வாளிக்கு மாற்றி, பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள். தொட்டித் தண்ணீரைச் சொட்டவிடுவது அதற்குப் பிறகு, அந்த வாளியில்.